ஒரகடமா, குறிச்சியா? இன்டர்ன்ஷிப்புக்கு எந்த இடம்

மெக்கானிக்கல் மூன்றாம் வருடம் முடியும்போது எனக்கும் என் அறைத்தோழனுக்கும் இரண்டு வாய்ப்புகள் கையில் இருந்தன. ஒன்று சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஒரு பெரிய கார் தொழிற்சாலை. ஆறு வாரம், மாதம் 10,000 ரூபாய், கம்பெனி பஸ், கேன்டீன். இன்னொன்று கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் பம்ப் பாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறை. மொத்தம் பதினெட்டுப் பேர். "மாசம் மூவாயிரம் தர்றேனுங்க தம்பி, பெட்ரோலுக்கு ஆகும்" என்றார் முதலாளி. அவன் ஒரகடத்துக்குப் போனான், நான் குறிச்சிக்குப் போனேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: மறுபடி கேட்டாலும் குறிச்சிதான்.

பணக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அவனுக்கு வந்த பத்தாயிரத்தில் அறை வாடகையும் ராத்திரிச் சாப்பாடும் போக மிச்சம் பெரிதாக இல்லை. நான் வீட்டிலிருந்து பைக்கில் போய் வந்தேன். ஏறக்குறைய சமம்தான். பெயர் என்று பார்த்தால் அவன் பக்கம்தான். பயோடேட்டாவில் அந்தக் கம்பெனி பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள். என் சான்றிதழில் என் பெயரிலேயே ஓர் எழுத்துப் பிழை. திருத்தி வாங்க இரண்டு முறை அலைந்தேன்.

பிறகு ஏன் குறிச்சி? நான் செய்த தப்பை அங்கே ஒருவர் அன்றாடம் பார்த்தார். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் வாரம் என்னை இன்ஸ்பெக்‌ஷனில் உட்கார வைத்தார்கள். 6205 என்ற எண்ணுள்ள பேரிங் உட்காரும் வார்ப்பிரும்புக் கூடு, அதாவது ஹவுசிங். துளை 52 மில்லிமீட்டர், அளவு எவ்வளவு விலகலாம் என்பதற்கு டிராயிங்கில் எச்7 என்ற குறியீடு. அதாவது 52.000-க்குக் கீழே போகக்கூடாது, மேலே 0.030 வரை போகலாம். மெஷினிலிருந்து இறங்க இறங்க, துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜ் வைத்து அளந்தேன். 52.006, 52.008 என்று வந்தது. பன்னிரண்டு பீஸுக்கும் 'ஓகே' போட்டு ஓரமாக அடுக்கினேன். துளை சரியாக இருந்தால் பிளக் கேஜ் என்ற உருளையின் 'கோ' பக்கம் உள்ளே நுழைய வேண்டும். மறுநாள் காலையில் அது அவற்றில் பாதிக்கு மேல் உள்ளேயே நுழையவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக யாரோ பீஸை மாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

குவாலிட்டி பார்க்கும் அண்ணன் திட்டவில்லை. ஒரு பீஸை என் கையில் கொடுத்து, "நேத்து தொட்டப்ப சூடா இருந்துச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது. கடைந்த சூட்டில் இரும்பு விரியும், துளையும் விரியும். 52 மில்லிமீட்டர் துளை இருபது டிகிரி ஆறினால் 0.011 மில்லிமீட்டர் போலச் சுருங்கும். அப்படியென்றால் நான் பார்த்த 52.006, ஆறிய பிறகு 51.995. வெப்ப விரிவைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான் நான். அளவுகளுக்கு 20 டிகிரிதான் அடிப்படை என்று மெட்ராலஜி (அளவியல்) பாடத்திலும் படித்திருக்கிறேன். "இறக்கி வெச்சுட்டு டீ குடிச்சுட்டு வந்து அளங்க தம்பி" என்றார். நல்லவேளை, துளை சின்னதாக இருந்ததால் திரும்ப மெஷினில் ஏற்றிச் சரிசெய்ய முடிந்தது. பெரிதாகப் போயிருந்தால் பன்னிரண்டும் ஸ்கிராப்.

கேம்பஸ் இன்டர்வியூவில் "என்ன செஞ்சீங்க?" என்று கேட்டபோது நான் இதைத்தான் சொன்னேன். கேட்டவர் பேப்பரை என் பக்கம் தள்ளி டாலரன்ஸை, அதாவது அளவு விலகலாம் என்ற அந்த வரம்பைப் போட்டுக் காட்டச் சொன்னார். பத்து நிமிடம் அதிலேயே போனது. என் நண்பனிடமும் அதே கேள்விதான். அவன் அசெம்பிளி லைனை அழகாக விளக்கினான், ஆனால் "இதில் நீங்கள் செய்தது எது?" என்றதும் திணறினான். அவன் மேல் தப்பில்லை. அங்கே ஒரு நிமிடம் லைன் நின்றாலும் நஷ்டம். ஆறு வாரப் பையனை யார் கை வைக்க விடுவார்கள்? அவனுக்கு வந்த வேலை பெரும்பாலும் எக்செல் ஷீட் நிரப்புவது.

அவன் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். முதல் நாள் முழுக்க அவனுக்குப் பாதுகாப்பு வகுப்பு நடந்தது. ஷூ, கண்ணாடி எல்லாம் கொடுத்தார்கள். என் பட்டறையில் ஷூவை நானேதான் வாங்கிக்கொண்டேன். கண்ணாடி கேட்டால் சிரித்தார்கள். இதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஒரு பெரிய நிறுவனம் எப்படித் திட்டமிடுகிறது, பாகங்கள் எந்த வரிசையில் வருகின்றன என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. உற்பத்தித் திட்டமிடல் பக்கம் போக நினைப்பவர்களுக்கு ஒரகடமே பொருத்தமாக இருக்கலாம்.

ஐஐடி மெட்ராஸ் கோடைகால ஃபெல்லோஷிப்புக்கும் விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. மேற்படிப்புக்குப் போகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் ஊகம். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களுக்கு என் அனுபவம் எவ்வளவு பொருந்தும் என்று தெரியவில்லை. நம்மிடமே பணம் வாங்கிக்கொண்டு நாலு வீடியோவும் ஒரு சான்றிதழும் அனுப்புகிற 'ஆன்லைன் இன்டர்ன்ஷிப்'களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. அப்ரன்டிஸ் வேறு, இன்டர்ன்ஷிப் வேறு. அப்ரன்டிஸுக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று 2019 விதித் திருத்தம் சொன்னது. அது படிப்பு முடித்த பிறகு. 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டமும், பெயர் அப்படி இருந்தாலும், முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இல்லை என்ற விதியோடுதான் வந்தது. கல்லூரி விடுமுறையில் போகிற நமக்கு இத்தனை ரூபாய் என்று எந்தச் சட்டமும் இல்லை, பேசிக்கொள்வதுதான்.

சின்னப் பட்டறை எல்லாமே இப்படி இருக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். என் வகுப்பில் ஒருத்தி இதே போன்ற இடத்துக்குப் போய் ஆறு வாரமும் டேலியில் பில் போட்டாள். சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்: நான் செய்வதை யார் பார்ப்பார்? மைக்ரோமீட்டரைக் கையில் கொடுப்பீர்களா? முதலாளி உடனே ஓர் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நல்ல அறிகுறி. "வாங்க, பாத்துக்கலாம்" என்றால் யோசியுங்கள். கேட்கப் போகும்போது மத்தியானம் நாலு மணி டீ நேரத்துக்குப் போங்கள். மாதக் கடைசியில் மட்டும் வேண்டாம், டெஸ்பாட்ச் ஓடிக்கொண்டிருக்கும், நின்று பேச யாருக்கும் நேரம் இருக்காது.