ஏசி ஷிஃப்டிங்: இருந்த கேஸைத் திறந்துவிட்டு, புது கேஸுக்குக் காசு வாங்கினார்கள்

வீடு மாற்றும்போது ஏசியைக் கழற்றி மாட்ட ஆள் தேடுகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள். கழற்றி மாட்டும் கூலி போக எனக்கு ஆன தண்டச் செலவு 9,300 ரூபாய்.

போன ஏப்ரலில் அம்பத்தூரிலிருந்து தாம்பரத்துக்கு மாறினோம். ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி, ஆர்32 கேஸ். அதுவரை நன்றாகவே குளிர்ந்துகொண்டிருந்தது. போனில் பிடித்த மெக்கானிக் ஒரு பையனோடு வந்தார். பிளக்கைப் பிடுங்கினார், ஸ்பேனரை எடுத்தார், அவுட்டோர் யூனிட்டின் பித்தளை நட்டை நேராகத் திருகினார். புஸ்ஸென்று பீய்ச்சியது. நட்டைச் சுற்றி வெள்ளையாக உறைபனி படிந்தது. கேஸோடு வந்த கம்ப்ரசர் எண்ணெய் பால்கனிச் சுவரில் விசிறி மாதிரி தெறித்தது. ஒரு நிமிடத்துக்கு மேல் சத்தம் ஓயவில்லை. என்னவோ ஏதோ என்று என் மகள் ஓடி வந்து பக்கத்திலேயே நின்றாள். "பழைய கேஸ் சார், எப்படியும் மாத்தித்தான் ஆகணும்" என்றார். நம்பிவிட்டேன்.

அது பொய். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீருகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கழற்றுவதற்கு முன்னால் பம்ப் டவுன் செய்ய வேண்டும். ஏசியைக் கூலிங்கில் ஓடவிட்டு, மெல்லிய குழாயின் வால்வை ஆலன் கீயால் மூடினால், கம்ப்ரசரே கேஸை இழுத்து அவுட்டோர் யூனிட்டுக்குள் சேர்த்துவிடும். அழுத்தம் காட்டும் கேஜின் முள் பூஜ்யத்தை நெருங்கும்போது தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே நிறுத்த வேண்டும். சில நிமிட வேலைதான். கேஸ் அப்படியே புது வீட்டுக்கு வந்துவிடும்.

இன்னொன்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது. ஆர்32 லேசாகத் தீப்பிடிக்கக் கூடியது. நெருப்பில் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சுப்புகை வரும். அன்று பால்கனியை ஒட்டிய சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

தாம்பரத்தில் மாட்டி முடித்ததும் "கேஸ் ஃபுல்லா போட்டாச்சு" என்று 3,500 ரூபாய் வாங்கினார். குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வாக்யூம் பம்ப் வைக்கவில்லை, கேஸை எடை போடவில்லை. சிலிண்டரில் எந்த கேஸ் என்ற பெயரே இல்லை.

இரண்டே மாதத்தில் கூலிங் போய்விட்டது. இந்த முறை கம்பெனி சர்வீஸில் சொன்னேன். வந்தவர் ஏசியை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, அப்புறம்தான் கேஜ் மாட்டினார். "30 டிகிரிக்கு ஆர்32 அழுத்தம் 265 பிஎஸ்ஐ பக்கம் காட்டணும் சார். இது 200-ஐக்கூடத் தொடல" என்றார். கேஸ் குறைவோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. வெளியே எடுத்து எடை போட்டபோது கிட்டத்தட்ட முழு அளவு இருந்தது. அதாவது அழுத்தம் குறைவான வேறு கேஸ் கலந்திருக்கிறது, பெரும்பாலும் பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்22 என்றார்.

அவர் அதைத் திறந்துவிடவில்லை. ரெக்கவரி மெஷினை மாட்டி, தனி சிலிண்டரில் பிடித்தார். சிலிண்டர் தராசின் மேல் இருந்தது. 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாதாம், வெயிலில் திரவம் விரிந்தால் வெடித்துவிடும். ஒரே வகை கேஸாக இருந்தால் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தலாம். கலந்துவிட்டால் பிரிப்பது பெருஞ்செலவு. அதிக வெப்பத்தில் எரித்து அழிக்கத்தான் அனுப்ப வேண்டும். சிலிண்டரில் மார்க்கரால் 'கலப்பு' என்று எழுதினார். வாக்யூம், சரியான கேஸ் எல்லாம் சேர்த்து 5,800 ரூபாய் ஆனது. பில் கொடுத்தார்.

ஒரு கிலோ ஆர்32 காற்றில் கலந்தால், பூமியைச் சூடாக்குவதில் அது 675 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஆர்22 என்றால் 1,810 கிலோ, ஓசோனையும் அரிக்கும். 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி உலகமே நிறுத்திவருகிற கேஸ் அது. பழைய ஏசியைக் காயலான் கடைக்குப் போடுகிறவர்களும் கவனியுங்கள்: தாமிரக் குழாய்க்காக அதை வெட்டும்போதும் இதே கேஸ்தான் காற்றில் போகிறது.

ஆகவே வருகிறவரிடம் முதலிலேயே கேளுங்கள்: பம்ப் டவுன் செய்வீர்களா, வாக்யூம் பம்ப் இருக்கிறதா, கேஸை எடை போட்டு ஏற்றுவீர்களா? எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது அவுட்டோர் யூனிட்டின் தகட்டிலேயே இருக்கும். அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார், அப்புறம் எடுக்கவே இல்லை. அவர் பில் தரவில்லை. ஜிபேயில் பணம் அனுப்பிய ரசீதையும், எண்ணெய் தெறித்த சுவரின் போட்டோவையும் வைத்து, நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன்.