பாடலாசிரியரின் பழந்தாள்களுக்குப் பாலியெஸ்டர் உறையா, காகித மடிப்புறையா?

ஒன்ராறியோவின் சேத்தம் நகரில் 1882இல் பிறந்த ஜெஃப்ரி ஓ'ஹாராவும், ஆம்ஹர்ஸ்ட்பர்க்கில் 1886இல் பிறந்த ஷெல்டன் புரூக்ஸும் எல்லை தாண்டி அமெரிக்காவில் பெயர்பெற்ற கனடியப் பாடலாசிரியர்கள். அதே தலைமுறையைச் சேர்ந்த, அவ்வளவாக அறியப்படாத ஒருவரின் தாள்களை அவருடைய குடும்பத்தினருக்காக அண்மையில் அடுக்கிவைத்தேன். ஒவ்வொரு தாளையும் தெளிவான பாலியெஸ்டர் நெகிழி உறையில் இடுவதா, அல்லது கால்சியம் கார்பனேட் கலந்த காகித மடிப்புறைகளில் தொகுத்து அட்டைப் பெட்டியில் வைப்பதா என்ற கேள்விக்கு இரண்டாவதையே விடையாகக் கொண்டேன்.

பாலியெஸ்டரின் நன்மைகள் வெளிப்படையானவை: தாளைத் தொடாமலே இருபுறமும் படிக்கலாம், கிழிந்த ஓரங்களுக்கு அது தாங்கலாகவும் அமையும். விலையும் எடையும் கூடுதல். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பிவிசி என்னும் வேறுவகை நெகிழி உறைகள் காலப்போக்கில் அமிலத்தை வெளியிடுவதால் இப்போட்டியிலேயே சேரா.

முடிவைத் தீர்மானித்தது தாளுக்குள்ளேயே இருக்கும் அமிலம். அக்காலத்து இசைத்தாள்களும் மலிவான எழுதுதாள்களும் பெரும்பாலும் மரக்கூழில் செய்யப்பட்டு, மை பரவாதிருக்கப் படிகாரமும் மரப்பிசினும் சேர்க்கப்பட்டவை. படிகாரம் தரும் அமிலம் செல்லுலோஸ் இழைகளை மெல்ல மெல்ல அறுக்க, அந்தச் சிதைவிலிருந்து மேலும் அமிலம் பிறக்கிறது. நாற்புறமும் அடைக்கப்பட்ட பாலியெஸ்டருக்குள் இவ்வாறு பிறப்பது வெளியேற வழியின்றித் தாளுக்கே திரும்புவதால், காப்பதற்காக வாங்கிய உறையே முதுமையை விரைவுபடுத்துகிறது. இதைத் தவிர்க்க முதலில் அமிலநீக்கம் செய்யவேண்டும், அல்லது ஒவ்வொரு உறையிலும் அமிலத்தை ஏற்கும் ஒரு காரத்தாளைச் சேர்த்து, அதைக் காலந்தோறும் மாற்றவேண்டும். பெட்டியைப் பரணில் வைத்துவிட்டு மறந்துபோகும் சராசரிக் குடும்பம் இந்தப் பராமரிப்பை எத்தனை ஆண்டு செய்யும்? மடிப்புறையில் உள்ள கால்சியம் கார்பனேட் தன்னைத் தொடும் தாளிலிருந்து கசியும் அமிலத்தை யாரும் நினைவூட்டாமலே ஏற்றுக்கொள்கிறது. அது நோயைக் குணப்படுத்துவதில்லை, வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவே.

நீரில் நனைத்துச் செய்யும் அமிலநீக்கத்தை நான் நெருங்கவேயில்லை. அச்சான பாடல்களுக்கு வேறு பிரதிகள் கிடைக்கக்கூடும். பென்சிலில் அடித்துத் திருத்திய வரைவுகளுக்கோ வேறு பிரதியே கிடையாது. அவற்றுள் சில, சாயம் கலந்த நகல் பென்சிலில் எழுதப்பட்டவை: ஈரம் பட்டால் எழுத்து ஊதாவாகக் கரைந்து பரவும். பாலியெஸ்டரின் நிலைமின்னோ தளர்ந்த பென்சில் தூளைத் தன்பால் இழுக்கக்கூடும். மென்மையான பென்சிலுக்கு இது எவ்வளவு ஆபத்து என்பதை என் குறுகிய அனுபவத்தைக் கொண்டு அளந்து சொல்ல இயலாது. ஆனாலும் ஒரே பிரதியை வைத்துச் சோதிக்க மனம் வரவில்லை.

மடிப்புறையிலும் சிரமம் உண்டு. ஒரு கடிதம் தேவைப்பட்டால் முழுக்கட்டையும் புரட்டவேண்டும். அதனாலேயே கடிதங்களையும் ஒப்பந்தங்களையும் முதலில் ஒளிவருடிப் படங்களாக்கிக்கொண்டோம். அளவும் தொல்லைதான்: முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதத்தை மிச்சப்படுத்த நியூயார்க்கின் லியோ ஃபைஸ்ட் போன்ற பதிப்பாளர்கள் இசைத்தாள்களைச் சிறிய அளவில் வெளியிட்டதால், அதற்கு முந்தைய பெரிய தாள்களையும் இவற்றையும் ஒரே பெட்டியில் வைத்தால் சிறியவை சரிந்து மடங்குகின்றன. இரண்டு அளவுப் பெட்டிகள் வாங்குவதே மலிவு. செய்தித்தாள் நறுக்குகள் அண்டைத் தாள்களைப் பழுப்பாக்கும் என்பதால் தனி உறையில் வைத்தோம். துருவேறிய ஊசிகளையும் பிடிப்பான்களையும் அகற்றினோம்.

ஒளிப்படங்களுக்கு மட்டும் பாலியெஸ்டரைக் கைவிடவில்லை. விரல்ரேகை படியாமல் பார்க்க அதைவிட வசதியானது கிடையாது. சில வகைப் படங்களுக்குக் காரத்தாள் ஆகாது. மேற்பரப்பு ஒட்டும் நிலையில் உள்ள படங்களைத் தனியே ஒதுக்கிவைத்திருக்கிறேன். அவற்றை ஒட்டாவாவிலுள்ள, அரும்பொருள்களைப் பேணுவதற்கான கனடிய நிறுவனம் (Canadian Conservation Institute) வெளியிட்டுள்ள வழிகாட்டிக் குறிப்புகளைப் படித்த பிறகே தொடுவதாக உள்ளேன்.