₹18,500 வாங்கினார்கள், அம்மா காலைக் குனிந்து பார்க்கவில்லை

நேற்று மூன்றாவது தடவையாக அந்தக் கிளினிக் படி ஏறி இறங்கினேன். ராத்திரி தூக்கமே இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பெயர் போடவில்லை. கீழே மெடிக்கல் ஷாப்பும் மாடியில் லேபும் வைத்திருக்கும் குடும்ப டாக்டர் கிளினிக், அவ்வளவுதான்.

அம்மாவுக்குச் சர்க்கரை. பதினோரு வருஷமாக அங்கேதான் காட்டினோம். பெரிய டாக்டர் இருந்தவரை குறையில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே "என்னம்மா, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியுமா?" என்று சிரிப்பார். அவர் ஓய்வெடுத்தபின் வந்தவர் சின்னவர்.

ஜனவரியில் ஒரு ஆண்டுத் திட்டம் சொன்னார்கள். ₹18,500 கட்டினால் ஒரு வருஷத்துக்கு ஃபீஸ் இல்லை, மூன்று மாதத்துக்கொரு ரத்தப் பரிசோதனை இலவசம், ராத்திரி கூப்பிட்டாலும் டாக்டர் போன் எடுப்பாராம். நான் தயங்கினேன். சின்ன டாக்டரே எழுந்து வந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் உங்க மகன் மாதிரிதானே, பாத்துக்கிட மாட்டேனா?" என்றார். அம்மா கண் கலங்கி, "கட்டிரு மக்ளே" என்றாள். ரப்பர் ஷீட் விற்ற காசு. அங்கேயே ஜிபேயில் அனுப்பினேன். ரசீது வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

ஏப்ரலில் செருப்பு கடித்து அம்மா பெருவிரல் ஓரம் புண். இரண்டரை மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், சின்னவர் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஆயின்மென்ட் எழுதியிருக்கேன்." மேஜைக்கு இந்தப் பக்கம் வரவில்லை, செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. ரத்தம் எடுக்கப் போனால், "இந்த டெஸ்ட் உங்க பிளான்ல வராதுக்கா."

நாலாம் நாள் ராத்திரி விரல் வீங்கிக் காய்ச்சல். ஏழு தடவை அழைத்தேன். எடுக்கவில்லை.

விடிந்ததும் ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு பெண் டாக்டர் தரையில் குத்தவைத்து, அம்மா பாதத்தைத் தன் கையில் ஏந்தி, நைலான் நரம்பு மாதிரி ஒன்றால் அங்கங்கே தொட்டு "தெரியுதாம்மா?" என்று கேட்டார். பாதி இடத்தில் தொட்டதே அம்மாவுக்குத் தெரியவில்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 10.4 சதவீதம், ரொம்ப அதிகம். என் வயிறு கலங்கிவிட்டது.

கிளினிக் கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டால் முதலில், "அக்கவுண்ட்ஸ் அண்ணன் திங்கக்கிழமை வருவாங்க". திங்கள் போனால், "பிளானை கேன்சல் பண்ண முடியாதுக்கா". நேற்று, "நீங்களாத்தானே வேற ஆஸ்பத்திரிக்குப் போனீங்க?" சரி, பதினோரு வருஷ ஃபைலையாவது கொடுங்கள் என்றேன். அதெல்லாம் தருவதில்லையாம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002 மருத்துவ ஒழுங்கு விதியே இருக்கிறது என்றேன். அந்தப் பெண் சிரித்தது.

"கைராசி டாக்டரை மாத்தாதே" என்கிறாள் சித்தி. கைராசி பெரியவரோடு போய்விட்டது சித்தி! காத்திருப்பதையும் லேப் பில்லையும்கூடப் பொறுத்திருப்போம். குனிந்து ஒரு தடவை பார்த்திருந்தால் இப்போதும் அங்கேதான் போய்க்கொண்டிருப்போம்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், அம்மாவுக்குக் கட்டு மாற்றும் நேரமாகிவிட்டது. வைத்தியத்துக்கு வருஷப் பணம் முன்கூட்டிக் கட்டாதீர்கள். ரசீது கையில் வராமல் ஜிபே வேண்டாம். மருந்துச் சீட்டு, ரிப்போர்ட் எல்லாவற்றையும் அன்றன்றே போட்டோ எடுங்கள். சர்க்கரைக்காரர் என்றால் காலைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

திங்கட்கிழமை எழுத்தில் மனுவோடு மறுபடியும் போகிறேன். ₹18,500!