ஆண்குறி இம்ப்ளான்ட்: வளைக்கிற ராடா, பம்ப் வெச்சதா?

விறைப்பு வராததுக்கு மாத்திரை, ஊசி, வேக்யூம் கருவி எல்லாம் பாத்து முடிச்சவங்கதான் இம்ப்ளான்ட் பக்கம் வருவாங்க, அதனால அதெல்லாம் விட்டுடறேன். நான் வெச்சுக்கிட்டது ராடு, அதாவது குறிக்குள்ளயே வெக்கிற வளையற கம்பி, பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

பம்ப் வகை 1973லயே வந்தாச்சு. குறிக்குள்ள ரெண்டு சிலிண்டர், அடிவயித்துல உப்புத்தண்ணி பை, விதைப்பைக்குள்ள குட்டி பம்ப். அமுக்க அமுக்க விறைக்கும், ரிலீஸ் பட்டனை அமுக்கினா தளர்ந்துடும். இயல்பா இருக்கிறது இதுதான், அதுல சண்டையே இல்ல.

ஆனா எனக்கு முடிவு பண்ணினது விரல். ரொம்ப வருஷமா சுகர், விரல் நுனியெல்லாம் மரத்துக் கெடக்கு, மூட்டும் சரியா மடங்காது. டாக்டர் சாம்பிள் பம்ப்பை கையில குடுத்து அமுக்குங்கன்னாரு, மேஜை மேல வெச்சே வழுக்கிட்டு ஓடுது, இதையே தோலுக்கு அடியில பாக்காம தடவித் தேடி அமுக்கணும், அப்புறம் அந்த ரிலீஸ் பட்டன் எங்கன்னு வேற தேடணும். வீட்டம்மா "நான் அமுக்கறேனே"ன்னாங்க. நல்ல மனசுதான், ஆனா இதுக்கும் ஒரு ஆள் தயவா! ராடு அப்படி இல்ல, கையால தூக்கினா நிக்கும், கீழ மடக்கினா மடங்கும், அவ்ளோதான். தண்ணியே இல்ல, லீக் ஆக என்ன இருக்கு? பம்ப் வகையில லீக் ஆச்சுன்னா மறுபடி ஆபரேஷன், மறு ஆபரேஷன்ல இன்ஃபெக்ஷன் வாய்ப்பும் கூடுதல். விரல் நல்லா இருக்கிறவங்க பம்ப்பையே எடுக்கலாம், ஆனா சாம்பிளை கண்ணை மூடிக்கிட்டு அமுக்கிப் பாத்துட்டு சரின்னு சொல்லுங்க.

ராடுல குறையே இல்லன்னு சொல்ல மாட்டேன். எப்பவும் விறைப்பாவே இருக்கும், மெல்லிசு துணி போட்டா தெரியும். உள்ளேர்ந்து எந்நேரமும் அழுத்திக்கிட்டே இருக்கிறதால தோலை அரிச்சு வெளிய வர அபாயம் இதுலதான் ஜாஸ்தி, அதுவும் அந்த இடத்துல உணர்ச்சி கம்மியா இருக்கிறவங்களுக்கு. சுகர்காரன் நான், அந்த பயம் எனக்கும் இருக்கு. இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல, ஆனா பத்து வருஷம் தாங்குமான்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல, போட்டு அவ்ளோ நாள் ஆகல.

எதைப் போட்டாலும் நீளம் கூடாது, நுனி பெருசா உப்பாது, ஆசையும் அதுவா வராது. உணர்ச்சியும் உச்சமும் முன்னாடி எப்படி இருந்துச்சோ ஏறக்குறைய அப்படியே. வெச்சதுக்கப்புறம் மாத்திரைக்குத் திரும்பிப் போக முடியாது, எடுத்துட்டாலும் பழைய விறைப்பு வராது, ஏன்னா உள்ள இருக்கிற பஞ்சுத் திசு இதுக்கு எடம் விட்டுடுது.