பாக்ஸோடு வரும் கோணமானி: எதைப் பார்த்து வாங்குவது?

ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கும்போது டப்பா வலுவாக இருக்கிறதா, கவராயம் ஆடுகிறதா என்று பார்ப்போம். கோணமானியை யாரும் வெளியே எடுத்துப் பார்ப்பதில்லை. கோணம் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு அதிகம் குழப்பம் தருவது அதுதான்.

முதல் சிக்கல் அடிவிளிம்பு. பெரும்பாலான கோணமானிகளில் 0 கோடு அடிவிளிம்பிலேயே இருக்காது, சில மில்லிமீட்டர் மேலே இருக்கும். பிள்ளை அளவுகோல் போல விளிம்பைக் கோட்டின்மேல் வைத்துவிடும். 10 செ.மீ. அகலக் கோணமானியில் இந்த இடைவெளி 5 மி.மீ. என்றால், 30° கோணம் சுமார் 25° என்றும், 60° கோணம் சுமார் 57° என்றும் தெரியும். 90° மட்டும் சரியாகவே வருவதால் தவறு பிடிபடுவதில்லை. ஆகவே 0 கோடும் நடுப்புள்ளியும் அழுத்தமாகத் தெரியும் கோணமானியை எடுங்கள். நடுவில் வெறும் பெரிய ஓட்டை மட்டும் இருந்தால் முனையை எங்கே வைப்பது என்று பிள்ளைக்குத் தெரியாது.

அடுத்தது எண்கள் எந்தப் பக்கம் அச்சாகியிருக்கின்றன என்பது. தாளைத் தொடும் அடிப்பக்கத்தில் இருந்தால் நல்லது. மேல்பக்கத்தில் இருந்து, பிளாஸ்டிக்கும் தடிமனாக இருந்தால், தலையைச் சற்றுச் சாய்த்தாலே ஒன்றிரண்டு பாகை மாறிவிடும். அச்சடித்த எண்கள் உரசி அழியும், பள்ளமாக வார்த்தவை நிலைக்கும். ரப்பரை அதே டப்பாவில் ஒட்டினாற்போல் போட்டு வைக்காதீர்கள். சில மென்மையான ரப்பர்கள் நாளாக ஆக பிளாஸ்டிக்கை இளக்கி அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு வரிசை எண்கள்தான் பெரிய வில்லங்கம். 60° இருக்கும் இடத்திலேயே 120-ம் இருக்கிறது. உள்வரிசையும் வெளிவரிசையும் வெவ்வேறு நிறத்தில் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். மீதிக்கு ஒரு வழக்கம் வேண்டும்: அளக்கும் முன் தாளின் மூலையை வைத்துப் பார்த்து, அதைவிடச் சிறியதானால் குறுங்கோணம், பெரியதானால் விரிகோணம் என்று வாயால் சொல்லச் செய்யுங்கள். குறுங்கோணம் என்று சொன்ன பிள்ளை 120 என்று எழுதாது.

கோணத்தை அறிமுகப்படுத்த மட்டும் இந்தக் கருவி போதாது. கோணம் என்பது திருப்பம். கோணமானியோ அசையாமல் கிடக்கும் படத்தைத்தான் அளக்கிறது. முதல் வாரம் இரண்டு அட்டைப் பட்டைகள் போதும். ஒன்று 15 செ.மீ., மற்றொன்று 10 செ.மீ., ஒரு முனையில் பிரஸ் பட்டன். மூடி வைத்தால் 0°. மெல்லத் திறக்கத் திறக்கக் குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம், இரண்டும் ஒரே நேர்கோட்டில் வந்ததும் நேர்க்கோணம், அதையும் தாண்டினால் பின்வளை கோணம். பட்டைகளை வேண்டுமென்றே வெவ்வேறு நீளத்தில் வெட்டுவதற்குக் காரணம் உண்டு. கை நீளமானால் கோணமும் பெரிது என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். நீளப் பட்டையைக் கத்தரித்துக் காட்டுங்கள், திறப்பு அப்படியே இருக்கும். பிறகு நோட்டில் 3 செ.மீ. கோடுகள் எண்கள்வரை எட்டாதபோது அளவுகோல் வைத்து நீட்டப் பிள்ளை தயங்காது.

பின்வளை கோணத்துக்கு அரைவட்டக் கோணமானியில் நேரடி வழியில்லை. உள்பக்கத்தை அளந்து 360-இலிருந்து கழிக்க வேண்டும். முழுவட்டக் கோணமானி எளிது, ஆனால் பாக்ஸில் அடங்காது.

வாங்கியதும் ஒரு முக்கோணம் வரைந்து மூன்று கோணங்களையும் அளந்து கூட்டுங்கள். 180 வர வேண்டும்; 179, 181 வந்தால் பரவாயில்லை. கவனமாக அளந்தும் ஒவ்வொரு முறையும் 185 வந்தால் நடுப்புள்ளி பிசகியிருக்கிறது. பாக்ஸை மாற்ற வேண்டாம், ஸ்டேஷனரி கடையில் கோணமானி மட்டும் தனியாகக் கிடைக்கும்.