ஹெச்-1பி கன்சல்டன்சியில் ஐந்து ஆண்டுகள்: சேரும் முன் நான் பார்த்திருக்க வேண்டியவை

அமெரிக்காவில் எனக்கு ஹெச்-1பி வேலை விசாவுக்கு மனுத் தாக்கல் செய்த ஒரு சிறிய ஐடி கன்சல்டிங் நிறுவனத்தில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பணியாற்றிவிட்டு அண்மையில்தான் வெளியேறினேன். அந்நிறுவனத்தை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். மனு ஒழுங்காகத் தாக்கலானது, ப்ராஜெக்ட் இருந்த மாதங்களில் சம்பளம் ஒருமுறைகூடத் தவறியதில்லை. சிக்கல் பெஞ்சில், அதாவது ப்ராஜெக்ட் இல்லாமல், உட்கார்ந்தபோதுதான் தொடங்கியது.

இரண்டாம் ஆண்டில் கிளையண்ட் ஒப்பந்தம் முடிந்து, அடுத்த ப்ராஜெக்ட் கிடைக்க ஏழு வாரங்கள் ஆயின. முதல் வாரத்திலேயே ஹெச்ஆர் அழைத்து, சொந்தக் காரணத்துக்காகச் சம்பளமில்லா விடுப்பு வேண்டும் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார். வெறும் சடங்கு என்று எண்ணி அனுப்பிவிட்டேன். வேலை இல்லாத காலத்துக்கும் எல்சிஏவின்படி (ஊதியத்தையும் பணியிடத்தையும் குறிப்பிட்டு நிறுவனம் அமெரிக்கத் தொழிலாளர் துறையில் தாக்கல் செய்யும் ஆவணம்) தர வேண்டிய ஊதியத்தை நிறுவனம் தந்தே ஆக வேண்டும் என்பதும், தொழிலாளி தன் சொந்தத் தேவைக்காகத் தானே கேட்டுப் பெறும் விடுப்புக்கு அந்தக் கடமை இல்லை என்பதும், அதற்காகவே என் கையால் எழுதி வாங்கினார்கள் என்பதும் பின்னர்தான் விளங்கின. இழந்தது சம்பளம் மட்டுமன்று. புதிய ப்ராஜெக்டில் சேர்ந்த மறுமாதமே வேறொரு நிறுவனம் ட்ரான்ஸ்ஃபருக்கு, அதாவது தன் பெயரில் எனக்கு ஹெச்-1பி மனுச் செய்து என்னைச் சேர்த்துக்கொள்ள, முன்வந்தது. அதன் வழக்கறிஞர் கடைசி மூன்று மாத பே ஸ்டப்களை (சம்பளச் சீட்டுகளை) கேட்டார். இடையில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்ததும், விசா நிலையை நான் முறையாகப் பேணினேனா என்ற கேள்வி எழும் என்றார். அந்த வாய்ப்பு அத்தோடு நின்றது.

ஆகவே, சேரும் முன் அங்கே பணிபுரிபவர்களிடம், குறிப்பாக ஹெச்ஆர் அறிமுகப்படுத்தாதவர்களிடம், கடைசியாக எப்போது பெஞ்சில் இருந்தீர்கள், அந்த மாதம் பே ஸ்டப் வந்ததா என்று கேளுங்கள். பில் ரேட்டில், அதாவது உங்கள் வேலைக்குக் கிளையண்ட் தரும் தொகையில், எண்பது சதவீதம் உங்களுக்கு என்பார்கள். இடையில் எத்தனை வெண்டர்கள் (இடைத்தரகு நிறுவனங்கள்) இருக்கிறார்கள், உண்மையான பில் ரேட் எவ்வளவு என்பது நமக்குத் தெரியாதபோது அந்த எண்பதுக்குப் பொருளில்லை. ஆஃபர் லெட்டரில் ஆண்டுச் சம்பளம் டாலரில் எழுதப்பட்டிருக்கிறதா, அது எல்சிஏ ஊதியத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்பதே கேள்வி.

நிறுவனத்தின் வரலாற்றை அவர்கள் வாயால் கேட்க வேண்டியதில்லை. தாக்கலான எல்சிஏக்களின் விவரங்களைத் தொழிலாளர் துறை வெளியிடுகிறது. எந்த நிறுவனத்துக்கு எத்தனை மனுக்கள் ஏற்கப்பட்டன, எத்தனை நிராகரிக்கப்பட்டன என்பதை அமெரிக்கக் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் காணலாம். விதி மீறித் தடை செய்யப்பட்ட நிறுவனங்களின் பட்டியலும் பொதுவில் உண்டு. அரை மணி நேர வேலை. நான் அதைச் செய்தது வெளியேறிய பிறகு.

எல்சிஏ நகலை வேலையில் சேரும் நாளுக்குள் தொழிலாளிக்குத் தர வேண்டும் என்பது விதி. நான் மூன்று முறை கேட்ட பிறகு, நான்காம் ஆண்டில் வந்தது. அதில் பணியிடம் நியூ ஜெர்சி என்றிருந்தது. நானோ பல மாதங்களாக டாலஸில் வேலை செய்துகொண்டிருந்தேன். சிமியோ என்ற நிறுவனத்தின் மனு குறித்து யுஎஸ்சிஐஎஸ் மேல்முறையீட்டு அலுவலகம் 2015இல் தந்த தீர்ப்புக்குப் பின், பணியிடம் வேறொரு பெருநகரப் பகுதிக்கு மாறினால் திருத்திய மனு தாக்கலாக வேண்டும். நான் சுட்டிக்காட்டிய பின்புதான் அவசர அவசரமாகத் தாக்கல் செய்தார்கள்.

கிரீன் கார்டு வாக்குறுதியை எழுத்தில் கேளுங்கள். கிரீன் கார்டுக்கான முதற்படியாகத் தொழிலாளர் துறையிடம் சான்று கோரும் பெர்ம் விண்ணப்பத்துக்கான வழக்கறிஞர் கட்டணத்தையும் விளம்பரச் செலவையும் 2007 முதல் முதலாளியே ஏற்க வேண்டும். அதைப் பங்கு போடச் சொல்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளலாம். அந்த விண்ணப்பத்தை ஹெச்-1பியின் ஆறு ஆண்டு வரம்பு நெருங்கும்வரை இழுத்தடிப்பதும் நடக்கிறது.

கடைசியாக, ஒப்பந்தம். இரண்டு ஆண்டுகளுக்குள் விலகினால் 10,000 டாலர் என்ற வரியை நான் படிக்காமலே கையெழுத்திட்டிருந்தேன். முன்கூட்டியே விலகியதற்கு அபராதம் வசூலிக்கச் சட்டம் இடம் தராது. மாநிலச் சட்டம் ஏற்கும் நியாயமான இழப்பீட்டுக்கு மட்டும் இடமுண்டு, அதிலும் ஹெச்-1பி மனுக் கட்டணத்தைச் சேர்க்க முடியாது. ஐந்து ஆண்டுகள் கழித்து விலகிய எனக்கும் அதே தொகை கேட்டுக் கடிதம் வந்தது. எந்த இழப்புக்கு எவ்வளவு என்று கணக்குக் கேட்டு எழுதினேன். இதுவரை பதில் வரவில்லை.