கார்புரேட்டர் ஓவர்ஹாலுக்குக் கொடுக்கும் முன் ஜக்கூர் விமானக்காரர்கள் கவனிக்க

ரோட்டாக்ஸ் 912 இன்ஜின் போட்ட மைக்ரோலைட் (சின்ன இலகு விமானம்) வைத்திருக்கிறீர்களா? அதன் இரண்டு பிங் 64 கார்புரேட்டர்களையும் பெங்களூரில் வெளி ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பதாக இருந்தால், முதலில் இதைப் படியுங்கள். பெங்களூர் ஜக்கூர் விமானத் தளத்தில் நிற்கும் எங்கள் விமானத்துக்கு நடந்தது இது.

பில்லில் புது டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) இரண்டு, புது ஃப்ளோட் (மிதவை) நான்கு, பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் நீடில், பவுல் கேஸ்கெட், ஓ-ரிங் எல்லாம் இருந்தன. திரும்பி வந்த கார்புரேட்டர்களும் பளபளவென்று இருந்தன. மாட்டி ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் இன்ஜின் குலுங்கியது. இடது கார்புரேட்டருக்குக் கீழே உள்ள டிரிப் டிரேயில் பெட்ரோல் சொட்டியது. அந்த டிரேயின் வடிகுழாய் அடைத்திருந்தால் பெட்ரோல் நேராக எக்ஸாஸ்ட் பக்கம் இறங்கும். விளையாட்டு விஷயம் இல்லை.

ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தால், "இக்னிஷன் மாட்யூல் போயிருக்கு சார், அதையும் மாத்திடலாம்" என்றார்கள். மாட்யூல் விலை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று புரியும். இதை நம்ப வேண்டியதில்லை. 912-இல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக். இரண்டு இக்னிஷன் சர்க்யூட்டும் நான்கு சிலிண்டர்களுக்கும் போகின்றன. கார்புரேட்டர் அப்படியில்லை, வலது 1, 3-க்கு, இடது 2, 4-க்கு. 2, 4-இன் நான்கு பிளக்குகளும் கரி பிடித்து, 1, 3-இன் பிளக்குகள் சுத்தமாக இருந்தால் கோளாறு இடது கார்புரேட்டரில்தான். எங்களுடையது அப்படியே இருந்தது. 4000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு இக்னிஷன் சர்க்யூட்டாக அணைத்துப் பார்க்கும் மேக்னெட்டோ செக்கும் சரியாகவே வந்தது: ஆர்பிஎம் குறைவு 300-க்குள், இரண்டு சர்க்யூட்டுக்கும் வித்தியாசம் 115-க்குள்.

அடுத்து, "பெங்களூர் குளிர், கார்ப் ஐஸ்" என்றார்கள், அதாவது கார்புரேட்டருக்குள் பனி பிடித்ததாம். மழைக்கால காலையில், 20 டிகிரி ஈரக்காற்றில் இங்கே ஐஸ் பிடிக்கும், உண்மைதான். ஆனால் ஐஸ் பிடித்தால் பவர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், சூடு பட்டால் சரியாகிவிடும். அதனால் டிரேயில் பெட்ரோல் சொட்டாது.

லைசென்ஸ் உள்ள ஏஎம்இ (விமானப் பராமரிப்பு இன்ஜினியர்) ஒருவரை வைத்து, கார்புரேட்டரை ரப்பர் சாக்கெட்டிலிருந்து கழற்றி, கம்பி கிளிப்பை விலக்கிப் பவுலை இறக்கினோம். இடது பக்க ஃப்ளோட் இரண்டையும் துடைத்து நகைக்கடைத் தராசில் வைத்தால் 8.4 கிராம். ஜோடிக்கு 7 கிராம்தான் உச்சவரம்பு. பெட்ரோலை உறிஞ்சிய ஃப்ளோட் தாழ்ந்து மிதக்கும், நீடில் அடைக்காது, பவுல் நிரம்பி வழியும், மிக்ஸ்சர் ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் அதிகமாகிவிடும். டயாஃப்ரத்தை விரலால் லேசாக இழுத்து வெளிச்சத்தில் பிடித்தால் மடிப்பு ஓரத்தில் மயிரிழை வெடிப்பு. கேஸ்கெட் சப்பையாகித் தடம் பதிந்து கிடந்தது. பில்லில் உள்ள 'புது' சாமான் எதுவும் உள்ளே இல்லை. பளபளப்பு கண்ணாடி மணி பிளாஸ்டிங்கால் வந்தது. ஐடில் ஜெட் பாதையில் அந்தத் தூள்கூட மிச்சம் இருந்தது. இதை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. பழைய சாமானைப் போட்டது திருட்டு, பாதையில் தூளை விட்டது உயிரோடு விளையாட்டு.

ஆகவே வேலை கொடுக்கும்போதே ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள்: மாற்றிய பழைய சாமான் அத்தனையும் திரும்பி வர வேண்டும், ஃப்ளோட் ஜோடிகளின் எடை தனித்தனியாகக் குறிக்கப்பட வேண்டும், புது சாமானின் பார்ட் நம்பரோடு ரிலீஸ் சர்டிஃபிகேட் நகல் வேண்டும். டயாஃப்ரம், சாக்கெட், ஹோஸ் போன்ற ரப்பர் சாமான்களுக்கு 5 வருடக் கெடு உண்டு. அந்தத் தேதியும் லாக்புக்கில் ஏற வேண்டும்.

பங்கில் இப்போது ஊற்றுவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த இன்ஜினுக்கு இ10 வரைதான் அனுமதி. ஒர்க்‌ஷாப் பழியை அதன்மேல் போட இடம் கொடுக்காதீர்கள், எரிபொருள் பில்லை எடுத்து வையுங்கள்.

திரும்ப மாட்டிய பிறகு இரண்டு கார்புரேட்டரும் சமமாக இயங்கும்படி சின்க் செய்யாமல் பறக்க வேண்டாம். முதலில் இரண்டு த்ராட்டில் லீவரும் ஒரே நேரத்தில் ஸ்டாப்பை விட்டு நகர்கின்றனவா என்று பாருங்கள். பிறகு இரண்டு பக்கத்தையும் இணைக்கும் காம்பென்சேட்டிங் டியூபைக் கழற்றி வேக்குவம் கேஜ் மாட்டி ஐடிலிலும் அதற்கு மேலும் சமன் செய்யுங்கள். கேபிள் அறுந்தால் ஸ்பிரிங் அந்தப் பக்கத்தை முழு த்ராட்டிலுக்கு இழுத்துவிடும். ஆகவே கேபிள் முனைகளையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.